ஒரே மோதலுக்கு இரண்டு விசில்

என் தங்கைக்கு விழுவது பிடிக்கும். தடுக்கி விழுவதைச் சொல்லவில்லை. எதிரணிப் பெண் ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டு கூடையை நோக்கிப் பாய்ந்து வரும்போது, இவள் போய் அவள் வழியில் நிற்பாள். இரண்டு காலையும் ஊன்றி, கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி நிற்பாள். வருகிறவள் மோதுவாள். இவள் மல்லாந்து விழுந்து மரத்தரையில் கீச்சென்று சறுக்கிக்கொண்டு போவாள். சறுக்கும்போதே தலையைத் தூக்கி ரெஃப்ரியைத் தேடுவாள்.

பாஸ்கெட்பாலில் இந்த மோதலுக்கு இரண்டு தீர்ப்பு உண்டு. நின்றவள் முன்பே வந்து காலூன்றியிருந்தால் மோதினவள்மேல் ஃபவுல். அதற்குப் பெயர் சார்ஜ். நின்றவள் கடைசி நேரத்தில் குறுக்கே நகர்ந்திருந்தால் அவள்மேல் ஃபவுல். அது பிளாக். சார்ஜ் என்றால் ரெஃப்ரி ஒரு கையைப் பின்னந்தலையில் வைத்துக் காட்டுவார். பிளாக் என்றால் இரண்டு கையையும் இடுப்பில் வைப்பார். ஒரு ஆட்டக்காரிக்கு ஐந்து ஃபவுல் சேர்ந்துவிட்டால் அந்த மேட்சில் மீதி நேரம் பெஞ்சில்தான். இவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் ஏழு வயதில் சென்னையிலிருந்து நியூஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கு வந்தவள். தங்கை இரண்டு வருடம் கழித்து அங்கேயே பிறந்தாள். அதனால் எனக்குத் தமிழ் எழுத வரும். அவளுக்குப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். இங்கே அவள் தமிழில் பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறேன். படித்துக் காட்டினால், நான் இவ்வளவு அழகாகப் பேசவில்லை என்பாள்.

பதினாறு வயதில் விசில் வாங்கினேன். ஆட்டத்தில் நான் சுமார்தான். ஆனால் ரூல் புத்தகத்தை இரண்டு முறை படித்திருந்தேன், அதைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று அலைந்துகொண்டிருந்தேன். ஜனவரி சனிக்கிழமைக் காலைகளில், மிடில் ஸ்கூல் ஜிம்மில், ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊதுவேன். அடுத்த மேட்சுக்காரர்கள் ஸ்னோ பூட்ஸோடு வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். யாருக்கும் நேரமில்லை. அங்கே பாதி மோதல்களுக்கு விசிலே கிடையாது. விழுந்த பிள்ளை எழுந்து ஓடிவிட்டால் அது ஃபவுல் இல்லை என்பது எழுதாத சட்டம். ஆனால் ஊதினால் தயங்கக் கூடாது. சத்தம் அடங்கும் முன்னாலேயே கை இடுப்புக்கோ தலைக்கோ போய்விட வேண்டும். ஒரு நொடி யோசித்தால் அந்த நொடிக்குள் முன்வரிசை அப்பாக்கள் புகுந்துவிடுவார்கள். எனக்கு அந்த ஊர் ரொம்பப் பொருந்தியது. நான் வீட்டில் மைக்ரோவேவ் முடியும் முன்னாலேயே கதவைத் திறக்கிறவள்.

காலேஜ் இரண்டாம் வருடக் கோடையில் கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. வார இறுதியில் சும்மா இருக்க முடியாமல் அங்கேயும் ஒரு ஜூனியர் லீக்கில் போய்ச் சேர்ந்தேன். முதல் மேட்சில் ஆறு நிமிடம் நான் விசிலே ஊதவில்லை. உடன் ஊதிய தமிழ் அங்கிள் டைம் அவுட்டில் வந்தார். வார நாட்களில் சாஃப்ட்வேர், வார இறுதியில் கோடு போட்ட ரெஃப்ரி சட்டை.

"என்னம்மா, விசில்ல ஏதாவது அடைச்சிருக்கா?"

"ஒண்ணுமே நடக்கலையே அங்கிள்."

"அந்த மஞ்ச சட்டைப் பொண்ணு மூணு தடவை விழுந்துட்டா."

"எழுந்துட்டாளே."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "சரிதான்" என்று போய்விட்டார்.

அவர் தொட்டதற்கெல்லாம் ஊதுவார். ஊதிவிட்டுக் குனிந்து, எந்தக் கை எங்கே பட்டது, அது ஏன் கூடாது என்று பிள்ளையிடம் விளக்குவார். பிள்ளையும் தலையாட்டும். மோதிக்கொண்ட இரண்டு பெண்கள் மாறி மாறி சாரி சொல்லிக்கொள்வார்கள், நான் பந்தை வைத்துக்கொண்டு நிற்பேன். என் தங்கை மாதிரி வழியில் போய் நின்றால் அங்கே அநேகமாக பிளாக்தான். "விழறதுக்குன்னே போய் நிக்கறதை என்னால பாராட்ட முடியாதும்மா," என்றார். "நாளைக்கு அந்தக் குழந்தைக்கு மேத்ஸ் கிளாஸ் இருக்கு. மண்டை வேணும்." நான் ஒரு நோட்டில் நியூஜெர்சி, கலிஃபோர்னியா என்று தலைப்புப் போட்டு ரெஃப்ரி குணங்களை எழுதி வைத்திருந்தேன். அதை வாங்கிப் படித்துவிட்டு, "ஊருக்கு ஒரு ஜிம்தான் பார்த்திருக்கே. அதுக்குள்ள ஸ்டேட்டுக்கே ஜாதகம் எழுதிட்டியே," என்று சிரித்தார். அவர் சொன்னது சரி. இப்போதும் நான் சொல்வதெல்லாம் நான் நின்ற நாலைந்து ஜிம்களின் கதைதான்.

பிறகு மேல்படிப்புக்கு ரிச்சர்ட்சன். டெக்ஸஸில் என் முதல் மேட்சில் ஒரு கோச், நான் ஃபவுல் கொடுத்ததும், "யெஸ் மேம்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். இங்கே முதல் ஐந்து நிமிடம் எதிராளிமேல் கை வைத்தாலே விசில். அதற்குப் பிறகு ஒரு கையும் நீளாது. காலூன்றி நின்று இடி வாங்குகிறவளுக்கு இங்கே மரியாதை உண்டு. எதிரணி அப்பாக்களே கைதட்டுவார்கள்.

ஆனால் டெக்ஸஸ் என்னை வாட்டியது வேறு விஷயத்தில். விசில் ஊதினதும் மடக்கிய முஷ்டியை உயர்த்தி அப்படியே நிற்க வேண்டும். உடன் ஊதுகிற ரெஃப்ரியைப் பார்க்க வேண்டும். அவர் கையும் உயர்ந்திருக்கிறதா, இது யார் தீர்ப்பு என்று கண்ணாலேயே பேசி முடித்த பிறகுதான் சைகை. பிறகு ஸ்கோர் டேபிளுக்கு நடந்து போக வேண்டும். ஓடக் கூடாது. மொத்தம் ஒன்றரை நொடி இருக்குமா, அதற்குள் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். என்னை மதிப்பிட வந்தவர் தாளில் ஒரே வரி எழுதினார்: முஷ்டியை நிறுத்து. அடுத்த முறையும் அதே வரி. ஒரு வருடத்தில் ஓரளவு பழகிக்கொண்டேன். ஓரளவு.

இந்தக் கோடையில் எனக்குப் பக்கத்து ஊரான காப்பெல்லில் தமிழ்க் குடும்பங்களின் டோர்னமென்ட் நடந்தது. பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள். நியூஜெர்சி, பே ஏரியா, டெக்ஸஸ் என்று ஊருக்கு ஊர் டீம். ஒரு சர்ச்சின் ஜிம்மை இரண்டு நாளுக்கு எடுத்திருந்தார்கள். இந்த டோர்னமென்டில் ஒரு வழக்கம் உண்டு, வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு டீமும் தன் ரெஃப்ரியைத் தானே அழைத்து வரும். அநேகமாக யாராவது ஒரு பெண்ணின் அப்பா. ஒரு மேட்சுக்கு இரண்டு டீம், இரண்டு விசில். வெளியாளைக் கூப்பிட்டால் என்ன என்று கேட்டதற்கு, நடத்துகிற ஆன்ட்டி பதில் வைத்திருந்தார். திருநெல்வேலிக்காரர், குழந்தை டாக்டர். "வெளியாளுக்கு நம்ம பிள்ளைகள்மேல என்ன அக்கறை? ரெண்டு பக்கமும் ஒரே அளவு சாஞ்சா நடுவுல நேராத்தான நிக்கும்?"

அம்மாவும் தங்கையும் வெள்ளிக்கிழமை வந்து என் அபார்ட்மென்டில் தங்கினார்கள். சனிக்கிழமை தங்கைக்கு இரண்டு மேட்ச். இரண்டிலும் ஐந்து ஃபவுல் சேர்ந்து வெளியே உட்கார்ந்தாள். நியூஜெர்சி ரெஃப்ரி எதற்கும் ஊதவில்லை, எதிரணி ரெஃப்ரி எல்லாவற்றுக்கும் பிளாக் கொடுத்தார். சாயங்காலம் சமையலறையில் ஃப்ரீசர் வெண்டைக்காய் பாக்கெட்டை இடுப்பில் அழுத்திக்கொண்டு நின்றாள். அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிக்காம இருந்தா மேட்ச் பூரா ஆடலாமேடி," என்றாள் அம்மா.

"நிக்கலேன்னா நான் எதுக்கும்மா டீம்ல?"

அது உண்மை. அவளுக்குக் கூடையில் போட வராது, வேகமும் கிடையாது. நிற்பதுதான் அவள் ஆட்டம்.

"ஹைஸ்கூல் டீம்ல என்னை எடுக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும்," என்றாள், தோசையைப் பிய்த்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல். "நாளைக்குதான் கடைசி. கடைசி பஸ்ஸர் அடிக்கும்போது நான் கோர்ட்ல இருக்கணும். ஜெயிச்சாலும் தோத்தாலும். அவ்ளோதான் வேணும்."

அம்மா அடுத்த தோசையை அவள் தட்டில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். நியூஜெர்சிக்கும் பே ஏரியாவுக்கும். நான் ஜிம்முக்குள் நுழைந்ததும் ஆன்ட்டி என் கையைப் பிடித்தார். நியூஜெர்சி ரெஃப்ரிக்கு முந்தின நாளே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டுவிட்டதாம்.

"நீ ஊதிரு. நீ நியூஜெர்சிப் பொண்ணு, இப்ப டெக்ஸஸ்ல இருக்க, சர்டிஃபிகேட்டும் இருக்கு. ஒன்னவிட யாரு?"

"ஆன்ட்டி, என் தங்கச்சி ஆடறா."

"அவரு மகளும்தான் ஆடுதா," என்று கோர்ட்டின் அந்தப் பக்கம் கைகாட்டினார். "சரியாப் போச்சுல்லா?"

அந்தப் பக்கம் நின்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவர் பே ஏரியா அங்கிள். மூன்று வருடத்தில் முன்நெற்றி கொஞ்சம் பெரிதாகியிருந்தது. என்னைப் பார்த்ததும், "அடடே, ஜோசியர் வந்தாச்சு. டெக்ஸஸ் ஜாதகம் எழுதிட்டியா?" என்றார்.

மேட்சுக்கு முன்னால் இரண்டு ரெஃப்ரியும் பேசிக்கொள்ள வேண்டும். நான்தான் பேசினேன். "அங்கிள், யார் ஊதினாலும் முதல்ல முஷ்டி. அப்படியே நிறுத்தணும். ரெண்டு பேரும் ஊதிட்டா, யார் பக்கத்துலேருந்து ஆட்டம் கிளம்பிச்சோ அவங்க தீர்ப்பு. மத்தவங்க கையை இறக்கிடணும்."

"நீயா நிறுத்தப் போறே?"

"நான் இப்ப டெக்ஸஸ் அங்கிள்."

"பாப்போம்," என்றார்.

தங்கை வார்ம் அப்பில் என்னைக் கடந்து ஓடினாள். நான் விசில் கயிற்றைச் சரிசெய்துகொண்டேன். அம்மா மட்டும் மேல்வரிசையிலிருந்து இரண்டு பேருக்கும் பொதுவாகக் கையை ஆட்டினாள்.

நல்ல ஆட்டம். நான் முஷ்டியை நிறுத்தினேன், ஒவ்வொரு முறையும். அங்கிளும் தன் வழக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார், நடுநடுவே மட்டும் குனிந்து விளக்கம் கொடுத்தார். தங்கைக்கு மூன்றாவது கால்பகுதி முடிவதற்குள் நான்கு ஃபவுல். அங்கிள் கொடுத்தவை இரண்டு, நான் கொடுத்தவை இரண்டு. நான் கொடுத்த இரண்டும் சரி. அவளுக்கும் தெரியும். நான்காவதற்குப் பிறகு அவளுடைய கோச் அவளை உட்காரவைத்து, கடைசி மூன்று நிமிடத்துக்குத் திரும்ப இறக்கினார்.

நாற்பது நொடி மீதி. நியூஜெர்சி ஒரு பாயின்ட் முன்னால். பந்து பே ஏரியாவிடம். அங்கிளின் மகள் என் பக்க ஓரத்திலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு கிளம்பினாள். நல்ல வேகக்காரி. நான் கூடைக்குக் கீழே இருந்தேன். தங்கை எங்கிருந்தோ வந்து அவள் வழியில் நின்றதைப் பார்த்தேன். முதலில் இடது கால், பிறகு வலது கால். இரண்டும் தரையில். கைகள் மார்பில். அதற்குப் பிறகுதான் மோதல். பந்து கையிலிருந்து நழுவித் தெறித்தது, இரண்டு பேரும் விழுந்தார்கள்.

ஊதினேன். ஊதும்போதே என் கை பின்னந்தலைக்குப் போய்விட்டது. சார்ஜ். முஷ்டி இல்லை, நிறுத்தம் இல்லை. ஒரு வருடம் படித்ததெல்லாம் எங்கேயோ போய், ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஜிம்மில் பதினாறு வயதில் நின்றவள் வந்துவிட்டாள். கையை வைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறேன், எதிரே அங்கிள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பிளாக்.

ஹால் முழுவதும் பார்த்தது. ஒரு ரெஃப்ரியின் மகள், இன்னொரு ரெஃப்ரியின் தங்கை. அவர் தன் மகள் பக்கம், நான் என் தங்கை பக்கம். ஆன்ட்டியின் சமநிலை இதோ வந்துவிட்டது. ஒருவர் எழுந்து, "சபாஷ், ரெண்டு பேரும் ஃபேமிலி பாசம்பா," என்றார். நிறையப் பேர் சிரித்தார்கள்.

அங்கிள் என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "உன் பக்கத்துலேருந்து கிளம்பின ஆட்டம். உன் தீர்ப்பு. நான் கையை எடுத்துக்கறேன்னு டேபிள்ல சொல்லிடறேன். என் பொண்ணு மேல எழுதிடு."

அவர் அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் புத்தகத்தில் இதற்கு ஒரு இடம் உண்டு. இரண்டு ரெஃப்ரிகள் ஒரே மோதலுக்கு இரண்டு வேறு சைகை காட்டிவிட்டால், இரண்டு பேர்மேலும் ஃபவுல். யாரும் வாபஸ் வாங்க முடியாது. ஒருவராவது முஷ்டியோடு நின்றிருந்தால் இந்த விதியே வந்திருக்காது. அந்த ஒருவர் நானாக இருந்திருக்கலாம். நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

தங்கை தரையில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தாள். அவளுக்கு விதி தெரியாது. என் கை தலையில் இருந்ததை மட்டும் பார்த்திருந்தாள், அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது.

அங்கிள் சொன்னதற்குச் சரி என்று ஒரு வார்த்தை போதும். அவள் கடைசி வரை கோர்ட்டில் இருப்பாள். ஆனால் எதிரணி ரெஃப்ரி விட்டுக்கொடுத்து, அக்கா பார்த்துக்கொண்டு, அதனால் நிற்கிறாள் என்று ஆகும். காலூன்றி நிற்பதைத் தவிர வேறெதுவும் வராத பெண்.

"முடியாது அங்கிள்," என்றேன். "ரெண்டு பேருக்கும்தான்."

டேபிளுக்கு நடந்தேன். ஓடவில்லை. இரண்டு டீமின் நிறத்தையும் சொன்னேன், இரண்டு நம்பரையும் சொன்னேன். அங்கிளின் மகளுக்கு மூன்றாவது. என் தங்கைக்கு ஐந்தாவது.

அவள் எழுந்து, ஷார்ட்ஸைத் தட்டிவிட்டுக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனாள். முகத்தைத் திருப்பவும் இல்லை, பார்க்கவும் இல்லை. பந்து பே ஏரியாவுக்கே திரும்பிப் போனது. அங்கிளின் மகள் மறுபடி அதே ஓரத்திலிருந்து கிளம்பி, தங்கை நின்ற அதே இடத்தின் வழியாகப் போய்க் கூடையில் போட்டாள். அங்கே யாருமில்லை. ஒரு பாயின்டில் நியூஜெர்சி தோற்றது. பஸ்ஸர் அடித்தபோது தங்கை பெஞ்சில் உட்கார்ந்திருக்கவில்லை. கோட்டுக்கு வெளியே, கோட்டை மிதிக்காமல், ஷூ நுனி கோட்டைத் தொட்டும் தொடாத தூரத்தில் நின்றிருந்தாள்.

மதியம் பக்கத்து ஹாலில் அட்டை டப்பாக்களில் தக்காளி சாதமும் சிப்ஸும் அப்பளமும் கொடுத்தார்கள். அம்மா எனக்கும் ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தாள். "பெத்த வயிறு எந்தப் பக்கம் பேசும்னு என்னைக் கேக்காதே, சாப்பிடு," என்றாள். தங்கை சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். அங்கிள் தன் டப்பாவோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாரிம்மா," என்றார் அவளிடம்.

அவள் நிமிர்ந்தாள். "என் கால் ஊனியிருந்துதா அங்கிள்?"

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். யோசித்தார். பெரியவர்கள் இந்த மாதிரி இடத்தில் வழக்கமாகச் சொல்கிற எதையும் அவர் சொல்லவில்லை.

"நான் காலைப் பாக்கலைம்மா. நீ விழறதைத்தான் பாத்தேன். எப்பவுமே அதைத்தான் முதல்ல பாப்பேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ பாத்தியா?"

"பாத்தேன். ரெண்டு காலும் ஊனியிருந்துது. சார்ஜ்தான்."

"அப்புறம் ஏன் நான் வெளியே போனேன்?"

"நான் நிறுத்தலை. முஷ்டியைத் தூக்கி நின்னிருந்தா, அவர் கையைப் பாத்திருப்பேன், அவரும் என்னைப் பாத்திருப்பார். என் தீர்ப்புன்னு விட்டிருப்பார். நான் அவசரப்பட்டுட்டேன்."

அவள் சிப்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மெதுவாக மென்றாள்.

"அவர் பாக்கலை. நீ பாத்தே, ஆனா உன்னால நிக்க முடியலை," என்றாள். "கோர்ட்லயே ஒழுங்கா நின்னவ நான் ஒருத்திதான். என்னை உக்கார வெச்சுட்டீங்க."

அங்கிள் முதலில் சிரித்தார். பிறகு அம்மா. நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் டப்பாவைப் பார்த்தேன். தங்கை சிரிக்கவில்லை, ஆனால் என் டப்பாவிலிருந்து அப்பளத்தை எடுத்துக்கொண்டாள். கேட்காமல் எடுத்தாள். எங்களுக்குள் அது நல்ல அறிகுறி.

காரில் ஏர்போர்ட்டுக்குப் போகும்போது முழு வழியும் என்னை வறுத்தெடுத்தாள். மஞ்சள் விளக்கில் நான் வண்டியை விரட்டியபோது, "முஷ்டி," என்றாள். அம்மா ஒரு கேள்வியைப் பாதி கேட்கும்போதே நான் பதில் சொன்னபோது, மறுபடியும், "முஷ்டி." ஃப்ரீவேயிலிருந்து இறங்கும்போது அவளே கேட்டாள், "அந்த அங்கிள் விட்டுக்கொடுக்கறேன்னு சொன்னாரா? அவங்க பொண்ணு சொன்னா."

"சொன்னார்."

"நீ வேண்டாம்னுட்டியா?"

"ஆமா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமா என்று கண்ணாடியில் பார்த்தேன். தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நானும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்," என்றாள். பிறகு, "ஆனா நான் யோசிச்சுட்டுச் சொல்லியிருப்பேன்."

செக்யூரிட்டி வரிசைக்கு முன்னால் நான் நின்றுவிட்டேன். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு, மோர் மிளகாய் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிறது என்று இரண்டாவது முறை சொல்லிவிட்டு முன்னால் போனாள். வரிசை வளைந்து வளைந்து போய், தங்கை கடைசித் திருப்பத்துக்கு வந்தபோது, சுற்றிலும் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே நின்று, வலது முஷ்டியை மடக்கித் தலைக்கு மேலே உயர்த்தினாள். அப்படியே வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள்.

நானும் முஷ்டியை உயர்த்தினேன். கை அரித்தது. அவள் இறக்கவில்லை, நானும் இறக்கவில்லை. பின்னால் இருந்தவர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார். அம்மா திரும்பி, "என்னடி பண்றீங்க ரெண்டு பேரும், ஜனங்க பாக்கறாங்க," என்றது உதட்டசைவில் தெரிந்தது. இது அவளுடைய தீர்ப்பு, அவள் பக்கத்திலிருந்து கிளம்பிய ஆட்டம். காத்திருந்தேன்.

அவள் மெதுவாகக் கையை விரித்து, பின்னந்தலையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு நானும் வைத்தேன்.